பாதியில் நின்ற பச்சைக் கோடு

அத்தியாயம் – 7

சித்தார்த்தனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். அன்று அவன் பட்ட அவமானத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு ஸ்வீட் ஸ்டாலின் மாடியில் இருக்கும் பானுமதி துப்பறியும் நிலையத்தில் அவன் உதவியாளன். அதற்கு முன்பு சில கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் வேலை பார்த்தவன். எந்தக் கடையிலும் நிலைக்காததற்குக் காரணம் அவன் கையல்ல, வாய். பானுமதி அந்த வாய்க்காகவே அவனைச் சேர்த்துக்கொண்டார். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். "நீ பேசிக்கிட்டே இரு சித்து. உன்னை எப்படி நிறுத்தறதுன்னு எல்லாரும் யோசிப்பாங்க. அந்த நேரத்துல நான் சுத்தி முத்தும் பார்த்துக்குவேன்" என்பது அவர் வேலைக்கு எடுத்த அன்றே போட்ட ஒப்பந்தம்.

காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து யாழினி என்ற பெண் போன் செய்திருந்தாள். விளம்பரங்களுக்கு மோஷன் கிராபிக்ஸ் செய்பவள். படங்களையும் எழுத்துகளையும் கம்ப்யூட்டரில் ஆட வைக்கிற, ஓட வைக்கிற, பறக்க வைக்கிற வேலை. அவளுடைய கம்ப்யூட்டரில் பாதியைக் காணவில்லையாம்.

"பாதின்னா மேல் பாதியா, கீழ்ப் பாதியா மேடம்?" என்று ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்து கேட்டான் சித்தார்த்தன். காவிரிப் பாலத்துக் காற்றில் பானுமதிக்கு அது காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் விழாத மாதிரிதான் இருந்திருப்பார்.

அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. கதவைத் திறந்தவர் யாழினியின் அப்பா ரெங்கராஜ். பாய்லர் ஃபேக்டரியில் வேலை, கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் குடித்தனம் என்று பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ரிட்டயர் ஆனதும் ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்த மனிதர். வீட்டில் இருக்கும்போதும் சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் குத்தியிருந்தது. யாழினி அவருக்குப் பின்னாலிருந்து அவசரமாக எட்டிப் பார்த்தாள்.

"துணிக்கடையிலேருந்து வந்திருக்காங்கப்பா. விளம்பரம் விஷயமா."

"வாங்க வாங்க. தீபாவளிப் புடவை எல்லாம் வந்து இறங்கிருச்சா?"

"வந்துக்கிட்டே இருக்குங்க" என்றார் பானுமதி, பிறந்ததிலிருந்து புடவை விற்றவர் போல.

அறைக்குள் போனதும் யாழினி கதவைச் சாத்தினாள். தூங்காத கண்கள். பேச்சு மட்டும் கோர்வையாக வந்தது.

"மன்னிச்சுக்குங்க மேடம். அப்பாவுக்குத் தெரியக் கூடாது. இந்தக் கம்ப்யூட்டர் அவரு ரிட்டயர் ஆனப்ப எனக்கு வாங்கிக் கொடுத்தது. இதுல பாதியை யாரோ திருடிட்டாங்கன்னு தெரிஞ்சா, அதுவும் நான் ஊர்ல இல்லாம அவரு மட்டும் வீட்டுல இருந்தப்பன்னு தெரிஞ்சா, எல்லாத்தையும் தன் தலையில தூக்கிப் போட்டுக்குவாரு."

"என்ன போச்சு?"

யாழினி திரையைக் காட்டினாள். தில்லைநகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் வைக்கப் போகிற பெரிய எல்.ஈ.டி. திரைக்கான தீபாவளி விளம்பரம். ஒரு ராக்கெட் வெடித்து மயில்களாகச் சிதற, மயில்கள் பறந்து வந்து புடவை முந்தானையில் உட்கார வேண்டும். அவள் ஒரு பட்டனைத் தட்டினாள். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து, சரியாகப் பாதியில் நின்றுவிட்டது. மயில்களும் வானத்தில் அப்படியே நின்றன. பிறகு ஒரு துள்ளல், ஒரு நிற்றல், ஒரு துள்ளல்.

"விக்கல் எடுத்த மயில்" என்றான் சித்தார்த்தன்.

"முன்னாடி இந்தப் பச்சைக் கோடு கடைசி வரைக்கும் போகும். மயில் எப்படிப் பறக்குதுன்னு பார்த்துப் பார்த்துத் திருத்துவேன். இப்ப பார்க்கவே முடியல. நாளைக்குக் காலையில படத்தைக் கொடுக்கணும். இது நல்லா வந்தா வருஷம் முழுக்க அந்தக் கடை வேலை எங்களுக்குத்தான். வரலன்னா மதுரைல ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு."

சித்தார்த்தனுக்கு இங்கேதான் உற்சாகம் பிறந்தது. "மேடம், நான் சொல்றேன். ரேம்னா சமையல் மேடை மாதிரி. டிஸ்க்னா அலமாரி. காய் நறுக்க, மாவு பிசைய எல்லாம் மேடையில பரப்பி வச்சாத்தான் வேலை வேகமா ஆகும். இந்தப் படத்துல ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படம். அத்தனையும் மேடையில பரப்பி வச்சிருந்தாத்தான் நிக்காம ஓட்டிப் பார்க்கலாம். மேடையில இருக்கிறதுதான் பச்சைக் கோடு."

"அப்ப மேடையில பாதியைக் காணோம்" என்றார் பானுமதி.

"அதேதான் மேடம்" என்றாள் யாழினி. "முதல்ல எனக்குத் தெரியல. மேடையில இடம் இல்லன்னா எல்லாம் டிஸ்குக்குப் போகும். டெம்பரரி ஃபைலுக்குன்னே தனியா ஒரு வேகமான டிஸ்க் வச்சிருக்கேன். அது ரொம்பிக்கிட்டே இருந்துச்சு. காலி பண்ணேன், திரும்ப ரொம்புச்சு. டிஸ்க்தான் கெட்டுப் போச்சுன்னு அதையே நோண்டிக்கிட்டு இருந்தேன். நேத்துதான் மூடியைக் கழட்டினேன்."

கேபினெட்டின் பக்கவாட்டு மூடியை எடுத்துக் கீழே வைத்தாள். கம்ப்யூட்டரின் வயிறு முழுக்கச் சந்தனமும் குங்குமமுமாக மணத்தது. மின்விசிறிக்கு ஒரு பொட்டு, பவர் சப்ளைக்கு ஒன்று, டிஸ்குகளுக்கு ஆளுக்கொன்று. ஒரு தூசு துரும்பு இல்லை.

"ஆயுத பூஜைக்கு அப்பா பண்ணது. நான் இந்த ஆர்டருக்காகச் சென்னை போயிருந்தேன். சுத்தமாத் துடைச்சுப் பொட்டு வச்சுட்டேன்மான்னு போன்ல சொன்னாரு."

நான்கு ரேம் ஸ்டிக் நிற்க வேண்டிய இடத்தில், ஒன்று விட்டு ஒன்றாக இரண்டுதான் நின்றன. மற்ற இரண்டு ஸ்லாட்டுகளின் மேலும் மஞ்சள் நிற இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. அளவாக வெட்டி, சுருக்கமில்லாமல் ஒட்டி, பிரிப்பதற்கு வசதியாக ஓர் ஓரத்தைச் சின்னதாக மடித்தும் விட்டிருந்தார்கள். டேப்பின் மேலும் ஒரு பொட்டு.

"திருடினது தெரியக் கூடாதுன்னு மூடியிருக்காங்க" என்றாள் யாழினி. "அப்பாவுக்கு அது என்னன்னு தெரியாது. பாவம், அதுக்கும் பொட்டு வச்சிருக்காரு."

"திருட்டுப் போன இடத்துக்கும் பூஜை. இந்த வீட்டுல பாரபட்சமே கிடையாது" என்றான் சித்தார்த்தன்.

பானுமதி குனிந்து அந்த மடித்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்கு யார் வந்தா?"

யாழினி சாத்திய கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். சொன்னபோது குரல் இறங்கியிருந்தது.

"ஜாஸ்லின். திருவெறும்பூர். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வேலை செய்யறோம். அவ வரைவா, நான் அசைய வைப்பேன். பூஜை அன்னைக்குக் காலையில வந்தாளாம். இந்த ரூம்லதான் உக்கார்ந்திருந்தாளாம். அப்பா சுண்டல் கொடுத்தேன்னு சொன்னாரு. அவளைத் தவிர வேற யாரும் வரல. கேட்டேன் மேடம். நேத்து கேட்டுட்டேன். ரெண்டு ரேமைக் காணோம், நான் இல்லாதப்ப நீ மட்டும்தானே வந்தேன்னு மெசேஜ் போட்டேன். அவ ஒண்ணும் பதில் போடல."

சொல்லி முடித்துவிட்டு நகத்தைக் கடித்தாள். திருட்டு போனதைவிட அந்த மெசேஜ்தான் அவளை அதிகமாக அரித்துக்கொண்டிருந்தது என்று சித்தார்த்தனுக்கே புரிந்தது.

"புதுசா ரெண்டு வாங்கிப் போட்டுட்டு, திருடனை மெதுவாத் தேடக் கூடாதா?" என்றார் பானுமதி.

"திருச்சியில எங்கேயும் ஸ்டாக் இல்ல மேடம். வாங்கின கடையிலயே கேட்டுட்டேன்."

"எந்தக் கடை?"

சத்திரத்துக்குப் பின்னால் செருப்புக்கடைகளுக்கும் செல்போன் கடைகளுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது அழகிரியின் கம்ப்யூட்டர் கடை. அழகிரி நல்ல பருமன். கல்லாவுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்த பிறகுதான் கடையையே கட்டியிருப்பார்கள் என்று சித்தார்த்தன் அபிப்பிராயப்பட்டான்.

"யாழினி மிஷினா? மறக்க முடியுமா. அந்த ரெண்டு பொண்ணுங்களும் இங்க நின்னு சண்டை போட்ட சண்டையில பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். ஜாஸ்லின் பொண்ணு, ரேம் முதல்ல ரெண்டு போடு, ரெண்டு இடம் காலியா இருக்கட்டும், மிச்சத்துக்கு நல்ல டிஸ்க் வாங்குன்னு சொல்லுச்சு. யாழினி, நாலும் இப்பவே வேணும்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. பாவம், அவங்க அப்பா நடுவுல நின்னு, ஏன் தம்பி நாலும் ஒரே மாதிரிதானே இருக்கு, எதுக்கு நாலுன்னு என்னைக் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் பானுமதி.

"எங்கே சொல்ல விட்டாங்க? மோஷன் கிராபிக்ஸ்னா முதல்ல ரேம்தான். அப்புறம் டிஸ்க்கைப் பிரிக்கணும். சிஸ்டத்துக்கு ஒண்ணு, கையில இருக்கிற வேலைக்கு ஒண்ணு, டெம்பரரி ஃபைலுக்கு வேகமா ஒண்ணு, முடிஞ்ச வேலையைப் போட்டு வைக்கப் பெருசா ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே டிஸ்க்குல திணிச்சா, ஒரே பாத்ரூம் இருக்கிற கல்யாண வீடு மாதிரி ஆயிரும்." அழகிரி நிறுத்திவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "ரேம் மட்டுமா போயிருக்கு? டிஸ்க் எல்லாம் இருக்கா?"

"இருக்கு."

"அதான் ஆச்சரியம். அந்த வேகமான டிஸ்க் ஒரு பபுள்கம் அளவுதான். சட்டைப் பையில போட்டா வெளியே தெரியாது. அதை விட்டுட்டு எவனாச்சும் போவானா? அதுவும் நாலு ரேம்ல ரெண்டை மட்டும் எடுத்துக்கிட்டு."

"நியாயமான திருடன்" என்றான் சித்தார்த்தன். "பாதி உனக்கு, பாதி எனக்கு."

அழகிரி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லணும். சொல்லலாமான்னு தெரியல. நேத்து சாயங்காலம் ஜாஸ்லின் போன் பண்ணுச்சு. ஒரு மிஷின்ல இருந்து கழட்டின ரேமை இன்னொரு மிஷின்ல போட்டா ஓடுமா, கையால தொட்டா கெட்டுப் போகுமா, எதுல வச்சு எடுத்துட்டுப் போகணும்னு கேட்டுச்சு."

வெளியே வந்ததும் சித்தார்த்தன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் தாளம் போட்டான். "முடிஞ்சது மேடம். ஜாஸ்லின் வீட்டுக்குப் போறோம், எடுக்கறோம், வரோம். அவ இல்லன்னு மட்டும் ஆச்சுன்னா, ஒரு மாசம் ஆபீஸுக்கு நான்தான் டீ வாங்கிட்டு வருவேன்."

"இப்பவும் நீதானே வாங்கிட்டு வர்றே."

"இப்ப முனகிக்கிட்டே வாங்கிட்டு வரேன். அப்ப முனகாம."

தஞ்சாவூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நெளிந்து திருவெறும்பூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஜாஸ்லினின் அம்மா லூர்துராணி முற்றத்தில் ஒரு குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். யாழினியின் நண்பர்கள் என்று சொன்னதும் முகம் வாடியது.

"யாழினி வரலியா? இவ காலையிலேருந்து சாப்பிடல. கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்கார்ந்திருக்கா. என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லம்மாங்கிறா."

சித்தார்த்தன் பானுமதியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். ஆனால் பானுமதி முற்றத்துக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் என்று சொல்வதே தவறு. திருகைக் கழற்றிவிட்டார்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பைப்பின் வாயை ஒரு பிளாஸ்டிக் துண்டால் மூடி, மஞ்சள் டேப்பால் சுருக்கமில்லாமல் சுற்றியிருந்தது. டேப்பின் ஓரம் சின்னதாக மடிக்கப்பட்டிருந்தது.

"இது யார் வேலைங்க?"

"வேற யாரு, இவங்க அப்பாதான். திருகு ஒழுகுதுன்னு கழட்டினாரு. புதுசு வாங்கிட்டு வர நேரமில்லையாம், ஆனா வாயை மட்டும் கட்டிட்டாரு. எதைக் கழட்டினாலும் திறந்து போட மாட்டாரு. ஃபேக்டரிப் பழக்கம். திறந்து கிடந்தா தூசி போயிரும்பாரு. இங்க நான் பக்கத்து வீட்டுலேருந்து தண்ணி தூக்கிக்கிட்டு இருக்கேன்."

பானுமதியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. சித்தார்த்தனுக்கும் மஞ்சள் டேப் கண்ணில் பட்டுவிட்டது. அவன் மனதில் கைவிலங்கு சத்தமே கேட்டது.

உள்ளறையில் ஜாஸ்லின் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்க்ரூ டிரைவர். பக்கத்தில் ஒரு டிபன் பாக்ஸ். அதற்குள் வெள்ளி நிறப் பைகளில் இரண்டு ரேம் ஸ்டிக். யாழினியின் கம்ப்யூட்டரில் நின்ற அதே கம்பெனி, அதே கறுப்பு.

"மதியச் சாப்பாடா?" என்றான் சித்தார்த்தன்.

ஜாஸ்லின் பயந்தாள், ஆனால் பாக்ஸை மறைக்கவில்லை. பானுமதி தான் யார், எதற்காக வந்தேன் என்பதை ஒளிக்காமல் சொன்னார். அதைக் கேட்டு அவள் ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்தாள்.

"துப்பறியறவங்களை வைக்கிற அளவுக்குப் போயிட்டாளா?" என்றாள். "இது ரெண்டும் என்னோடது மேடம். என் மிஷின்ல இருந்தே கழட்டினது. அவகிட்ட கொடுக்கத்தான் எடுத்து வச்சிருக்கேன்."

"உன்னைத் திருடின்னு சொன்னவளுக்கா?"

"சொல்லிட்டுப் போகட்டும். நாளைக்குப் படம் போகலன்னா கடைக்காரங்க வேற ஆளைப் பார்த்துக்குவாங்க. அதுல பறக்கிற மயில் ஒவ்வொண்ணும் நான் வரைஞ்சது. அவதான் பறக்க வைக்கணும். எனக்கு அது வராது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொடுத்துட்டு வந்து அப்புறமா அவகூடப் பேசாம இருக்கலாம்னு இருந்தேன்."

கதை நன்றாகத்தான் இருக்கிறது, கையும் களவுமாகப் பிடிபட்ட எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று சித்தார்த்தன் வாயெடுத்தான். பானுமதி கையமர்த்தினார். ஜாஸ்லினின் கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்லாட்டுகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு காலியாக இருந்தன.

"கழட்டின இடத்துல ஏன் டேப் ஒட்டல?"

"டேப்பா?" ஜாஸ்லின் விழித்தாள். "எதுக்கு?"

"சும்மா கேட்டேன். அந்த பாக்ஸை எடுத்துக்கிட்டு நீ பஸ்ல ஸ்ரீரங்கம் வந்துரு. நாங்க முன்னாடி போறோம்."

"அவ கதவைத் திறக்க மாட்டா மேடம்."

"திறக்கிறதுக்கு நான் ஆச்சு."

ஸ்கூட்டரைக் கிளப்பும்வரை சித்தார்த்தன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"மேடம், அப்பாவும் மகளும் கூட்டு. மகள் வேவு பார்த்தா, அப்பா கழட்டினாரு. அதே மஞ்சள் டேப், அதே மடிப்பு. கைரேகையை விடக் கெட்டியான சாட்சி. நீங்க என்னடான்னா குற்றவாளியை பஸ்ஸைப் பிடிச்சு வரச் சொல்லிட்டு வரீங்க."

"ஜாஸ்லின் அப்பா ஸ்ரீரங்கம் வந்தாருன்னு யாராவது சொன்னாங்களா?"

"சொல்லல. ஆனா ஃபேக்டரிப் பழக்கம்னு அந்தம்மாவே—"

"திருச்சியில ஃபேக்டரிக்காரர் ஒருத்தர்தானா சித்து?"

சித்தார்த்தன் தனக்குத் தெரிந்த ஃபேக்டரிக்காரர்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே காவிரிப் பாலம்வரை வந்தான். பாலத்தின் நடுவில், சட்டைப் பையில் டெஸ்டர் குத்திய ஒரு மனிதர் அவன் நினைவுக்கு வந்தார். "ஐயோ" என்று மட்டும் சொன்னான்.

ரெங்கராஜ் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பானுமதி நேராக அவரிடம் போனார். உள்ளிருந்து ஓடி வந்த யாழினி, அப்பாவுக்குத் தெரியாமல் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். பானுமதி அவளைக் கண்டுகொள்ளவே இல்லை.

"உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணுங்க. எங்க கடையில தண்ணி ஏத்த ஒரே மாதிரி ரெண்டு மோட்டார் இருக்கு. ரெண்டையும் ஒண்ணா ஓட்டினா டேங்க் சீக்கிரம் ரொம்பும்னு பசங்க சொல்றாங்க. ஓட்டலாங்களா?"

ரெங்கராஜ் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ரிட்டயர் ஆன நாளிலிருந்து காத்திருந்தவர் போல நிமிர்ந்தார்.

"கூடவே கூடாதுங்க. ஒரே மாதிரி ரெண்டு இருந்தா, ஒண்ணு ரன்னிங், ஒண்ணு அவசரத்துக்கு ஸ்டாண்ட்பை. ரெண்டையும் ஓட்டிட்டு, ரெண்டும் ஒரே நாள்ல படுத்துக்கிட்டா அப்ப என்ன பண்ணுவீங்க? எங்க பிளான்ட்ல பம்ப்பு, ஃபேனு எல்லாம் அப்படித்தான். ஸ்டாண்ட்பை இல்லாத மிஷினை நாங்க மிஷின்னே சொல்ல மாட்டோம். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியுது? என் பொண்ணோட கம்ப்யூட்டரையே எடுத்துக்குங்க. கடையில நாலு வாங்கினப்ப, ரெண்டு மாத்து வைக்கத்தான்னு நினைச்சேன். பூஜைக்குத் துடைக்கலாம்னு திறக்கறேன், அச்சு அசலா ஒரே மாதிரி நாலு பட்டை, நாலும் ஓடிக்கிட்டு இருக்கு. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு."

யாழினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றார் பானுமதி, ஒன்றும் தெரியாதவர் போல.

"அப்புறம் என்ன, ஒண்ணு விட்டு ஒண்ணு ரெண்டைக் கழட்டி ஸ்டாண்ட்பைல வச்சுட்டேன். கழட்டின வாயைத் திறந்து விடக் கூடாது பாருங்க, டேப் போட்டு மூடிட்டேன். டிஸ்க்கு எல்லாம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைஸ், ஒவ்வொரு வேலை. அதனால அதைத் தொடல. யாழினி கேட்டா சொல்லலாம்னு இருந்தேன், அவ கேக்கல. சரி, நல்லாத்தான் ஓடுது போலன்னு விட்டுட்டேன். இருங்க, காட்டறேன்."

பூஜை அலமாரிக்குப் போய் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். உள்ளே மெல்லிய வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு ரேம் ஸ்டிக். ஈரம் தாக்காமல் இருக்க, மாத்திரை டப்பாக்களிலிருந்து சேர்த்து வைத்த சின்னச் சின்ன சிலிக்கா பொட்டலங்கள் சுற்றிலும். ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் ஒரு சந்தனப் பொட்டு.

யாழினி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது.

"ஏம்மா? தப்பா?" ரெங்கராஜின் குரல் சட்டென்று சிறுத்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நான்கும் சேர்ந்து ஓடினால்தான் பச்சைக் கோடு கடைசிவரை போகும் என்பதை, திருட்டு என்று நினைத்ததை, அவர் மனசு உடைந்துவிடும் என்று மறைத்ததை, இவர்கள் துணிக்கடைக்காரர்கள் இல்லை என்பதை. கடைசியாக, ஜாஸ்லினுக்கு அனுப்பிய மெசேஜை.

அதுவரை குற்றவாளி போலத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அங்கே நிமிர்ந்தார்.

"ஜாஸ்லினையா? பூஜை அன்னைக்கு அந்தப் பொண்ணு எதுக்கு வந்துச்சு தெரியுமா? நீ ஊர்ல இல்ல, அங்கிள் தனியா இருப்பாருன்னு வந்துச்சு. கோலம் போட்டுக் கொடுத்துட்டுப் போச்சு." டப்பாவை அவள் மடியில் வைத்தார். "நான் தெரியாம ரெண்டு பட்டையைத்தான் கழட்டி வச்சேன். நீ தெரிஞ்சே ஒரு ஆளையே கழட்டி வச்சுட்டியேம்மா."

யாழினி டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த வார்த்தை சித்தார்த்தனுக்கும் உறைத்தது. காலையிலிருந்து அவனும் அந்தப் பெண்ணைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தான்.

சந்து முனையில் ஜாஸ்லின் வருவது தெரிந்தது. டிபன் பாக்ஸை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். வாசலில் இத்தனை பேரைப் பார்த்ததும் அங்கேயே நின்றாள்.

யாழினி டப்பாவும் கையுமாக எழுந்து தெருவுக்கு ஓடினாள். போய் ஜாஸ்லின் முன்னால் நின்றாள். ஜாஸ்லின்தான் முதலில் பேசினாள்.

"முதல்ல இதைப் போட்டு வேலையை முடி. சண்டையை நாளைக்கு வச்சுக்கலாம்."

"இது வேணாம் ஜாஸ்லின். கிடைச்சிருச்சு. நீ எடுக்கல." யாழினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ எடுத்திருக்க மாட்டேன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தப்பு என்னோடது. மன்னிச்சிரு."

"அப்ப யார் எடுத்தா?"

ரெங்கராஜ் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கையைத் தூக்கினார். ஜாஸ்லின் அவரைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், அதில் இருந்த பொட்டைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் வீட்டு முற்றத்தில் பைப்பின் வாயைக் கட்டிய அப்பா நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

கழற்றியவர்தான் மாட்ட வேண்டும் என்று யாழினி சொல்லிவிட்டாள். ரெங்கராஜ் டேப்பை அந்த மடித்த ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் பிரித்தார். இரண்டு ஸ்டிக்கையும் அழுத்தி, 'டக்' என்று சத்தம் வரும்வரை உட்கார வைத்தார். யாழினி பட்டனைத் தட்டினாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. பாதியைத் தொட்டது. கோடு பாதியைத் தாண்டி, நிற்காமல் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. ராக்கெட் வெடித்தது. ஜாஸ்லினின் மயில்கள் ஒரு விக்கல் இல்லாமல் பறந்து வந்து முந்தானையில் இறங்கின.

"அந்தக் கடைசி மயில் கொஞ்சம் அவசரமா உக்காருது" என்றாள் ஜாஸ்லின்.

"பார்த்தேன். இரு, திருத்தறேன்" என்றாள் யாழினி. இரண்டு நாற்காலிகளும் திரையை நோக்கி நகர்ந்தன. அதற்குப் பிறகு அறையில் மற்றவர்கள் இருந்ததையே அவர்கள் மறந்துவிட்டார்கள்.

ரெங்கராஜுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "நாலும் ஓடுது. சரி. நடுவுல ஒண்ணு படுத்துக்கிட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். ஜாஸ்லின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, தன் டிபன் பாக்ஸை அவர் பக்கம் தள்ளினாள். "வேலை முடியற வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும் அங்கிள்." அவர் அதைத் திறந்து பார்த்தார். பிறகு தன்னுடைய சிலிக்கா பொட்டலங்களை எடுத்து, ஒவ்வொன்றாக அதற்குள் வைத்து மூடினார்.

பானுமதி சித்தார்த்தனைப் பார்த்தார். காலையில் போட்ட டீப் பந்தயம் அவனுக்கு நினைவிருந்தது. அவன் முனகாமல் எழுந்தான்.

"அஞ்சு டீ. சரியா மேடம்?"

அவன் தெருவில் இறங்கும்போது ரெங்கராஜ் வாசல்வரை வந்து கூப்பிட்டார்.

"தம்பி, ஆறா வாங்கிட்டு வாங்க. ஒண்ணு ஸ்டாண்ட்பைக்கு."